இரண்டு கரண்டி ஆப்பச்சோடா

“மிதிச்சு ஓட்டும் ஆன்ட்ரூஸண்ணே! மிதிச்சு ஓட்டும்!”

அப்பா முன்சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கத்திக்கொண்டிருந்தார். ஆன்ட்ரூஸ் வீட்டுப் படியிலிருந்தே மிதித்த மிதியில்தான் வந்தார். ஆனால் மார்த்தாண்டம் நெருங்கியதும் முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் வாழைக்குலை ஏற்றிய டெம்போ, அதற்கும் முன்னால் என்ன கிடந்ததோ, ஒன்றும் நகரவில்லை.

“பறந்தா போவ முடியும் கிருஷ்ணமணி? சும்ம இரி, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை.

பின்னால் அம்மாவின் தலை அஸ்வதியின் மடியில் கிடந்தது. வாயோரத்தில் ரத்தம் கலந்த நுரை. உதடுகள் வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல வெளுத்திருந்தன. தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அம்மா இப்போது வயிற்றுக்கு மாற்றியிருந்தாள். அஸ்வதி பார்த்துக்கொண்டிருந்தது அந்த வயிற்றைத்தான். வீட்டிலிருந்து ஏற்றும்போது அது அப்படி இல்லை. பாதி வழியில் நைட்டிக்குள் லேசாக மேடு தட்டியது. இப்போது காற்றடித்த டியூப் மாதிரி முறுகி நிற்கிறது. தொட்டுப் பார்க்க நீண்ட கை பயந்து திரும்பி வந்தது.

“பாலு குடுத்தியா மக்கா?” அப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“குடுத்தேம்ப்பா.”

அவள் கொடுத்தது பால் இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. அருமனைக்குப் பக்கத்தில், மேட்டில், கிருஷ்ணமணிக்கு இருநூற்றுச் சொச்சம் ரப்பர் மரம். விடியுமுன் போய் மரம் வெட்டுவது, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, அவர் வேலை. எடுத்து வந்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட் அடிப்பது அவர் மனைவி செல்லபாயின் வேலை. இருபது வருஷமாக அப்படித்தான். ஆசிட்டுக்கென்று தவிட்டு நிறத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. அதைக் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவார். அன்றைக்கு மழை வருகிற வெப்ராளத்தில் குப்பியை மறந்துவிட்டார். கடையில் கிடந்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்தார். வந்தவர் அதை மிஷினுக்குப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு, வெளியே காயப்போட்ட ஷீட்டுகளை அள்ள ஓடினார். இரண்டு நிமிஷம் இருக்கும்.

செல்லபாய்க்கு நாலு நாளாகச் சளி. மூக்கு கட்டி, மீன் கருகினால்கூட மணம் தெரியாது. மிஷினைச் சுற்றிச் சுற்றித் தொண்டை வறண்டுபோய், கைக்கு எட்டிய பாட்டிலைத் திறந்து அண்ணாந்து ஊற்றினாள். வாய் வைத்துக் குடித்திருந்தால் உதட்டில் பட்டதுமே சுட்டிருக்கும், துப்பியிருப்பாள். எச்சில் படாமல் அண்ணாக்கக் குடித்துப் பழகிய தொண்டை அது. ஒரு மடக்கு நேரே உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்தை அஸ்வதி அதுவரை கேட்டதில்லை. அது அலறல் இல்லை. அலறத் தொடங்கி நடுவில் அறுந்துபோன சத்தம். புத்தகத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்தபோது அம்மா ஷெட்டின் தரையில் கிடந்து கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அப்பா பாட்டிலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது அவருக்கு.

“பாலு குடு! பிரிஜ்ஜில பாலு இருக்கும், குடுட்டி! நான் ஜீப்பு கொண்டாறேன்” என்று ரோட்டுக்கு ஓடினார்.

பால் இருந்தது. பாக்கெட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். ஆசிட் பட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாலு சொட்டு விட்டுக் கலக்கினால் போதும், தட்டில் தண்ணீராகக் கிடப்பது தோசைமாவாகி, கட்டியாகி, கையால் தூக்கினால் பாய் மாதிரி எழும்பி வரும். பசும்பாலும் திரையும், அதையும் அவள் கண்டிருக்கிறாள். அம்மாவின் தொண்டைக்குள் அப்படி உறைந்து நின்றால்? மூச்சை அடைத்துவிட்டால்? பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, ஆப்பத்துக்கு வாங்கி வைத்த சோடாப்பொடி. பத்தாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதி முழு மார்க் வாங்கிய சமன்பாடு மனசில் வரி பிசகாமல் ஓடியது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும். தண்ணீர் யாரையும் சுடாது. இரண்டு கரண்டி அள்ளி டம்ளரில் போட்டுக் கலக்கினாள். அந்தப் பதற்றத்திலும், சொல்ல வெட்கமாயிருக்கிறது, உள்ளுக்குள் ஒரு பெருமை. வேறு எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளைக்கு இந்த நேரத்தில் இது தோன்றியிருக்குமா?

அம்மா மறுக்கவில்லை. படிக்கிற பிள்ளை தருகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இறங்காத தொண்டையில் மிடறு மிடறாக இறக்கினாள். டம்ளர் காலியானதும் ஒரு ஏப்பம். அதன் பின்னாலேயே நுரையும் ரத்தமும்.

சமன்பாட்டின் கடைசியில் இன்னொன்று உண்டு. அதை எழுதிவிட்டுப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட வேண்டும், வாயு வெளியேறுகிறது என்பதற்கு. போடாவிட்டால் அரை மார்க் குறைப்பார்கள். அந்த அம்புக்குறி அஸ்வதிக்கு ஜீப்பில் வைத்துத்தான் நினைவு வந்தது.

மார்த்தாண்டத்தில் முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“வாந்தி எடுக்க வச்சீங்களா?”

“இல்ல சார்.”

“குடிக்க எதாவது குடுத்தீங்களா?”

“மோளு கொஞ்சம் பாலு குடுத்தா சார்” என்றார் அப்பா.

டாக்டர் அஸ்வதியைப் பார்த்தார். “எவ்வளவும்மா?”

இப்போது சொல்லிவிடலாம். இரண்டே சொல்தான். ஆனால் அப்பாவும் ஆன்ட்ரூஸும் இரண்டு நர்சுகளும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அரை டம்ளர்” என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதிய சீட்டு ஆம்புலன்சில் அம்மாவோடு திருவனந்தபுரத்துக்கும் போனது. அங்கேயும் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூன்று காகிதத்தில் பால் ஏறிவிட்டது. எழுதியதை இனி யார் அழிப்பது?

இரைப்பை கிழிந்திருந்தது. வெந்த பாகத்தை வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்து, குடலில் ஒரு குழாய் இறக்கி, அதன் மறுநுனியை வயிற்றுக்கு வெளியே விட்டிருந்தார்கள். சாப்பாடு இனி அந்தக் குழாய் வழியாக. சிறுநீரகமும் இரண்டு நாள் முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது. பன்னிரண்டு நாள் அம்மா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள்.

வெளியே வராந்தாவில் அஸ்வதி உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள், பாவம், பிளஸ் டூ பிள்ளை, இந்த நேரத்திலும் படிக்கிறாள் என்று போவார்கள். அவள் தேடிக்கொண்டிருந்தது வேறு. குடலின் உள்தோல் நாலைந்து நாளைக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒரு இடத்தில் இருந்தது. கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும் என்று இன்னொரு இடத்தில். எலும்பு கூடும். தோல் முளைக்கும். பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் அடியில் கோடு போட்டாள். அம்மாவின் குடல் இந்நேரம் மூன்றாவது முறையாகப் புதுசாகியிருக்கும் என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். உணவுக்குழாயைப் பற்றித்தான் எங்கேயும் ஒரு வரி கிடைக்கவில்லை.

அந்த வார்டில் நிஸ்ரின் என்று ஒரு நர்ஸ். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதுமே வந்து ஒட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, புக்க கண்ணுல ஒட்டி வச்சுக்கிடுவியா? வந்து சாயா குடி.”

“வேண்டாம்க்கா.”

“டாக்டருக்குப் படிக்கப் போறியாக்கும். பொறவு எங்கள வெரட்டி வேல வாங்கத்தான?”

அஸ்வதிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “அக்கா, ஒரு டவுட்டு. ஆசிட் குடிச்சவியளுக்கு சோடாப்பொடி கலக்கிக் குடுத்தா நல்லதில்லியா? நியூட்ரல் ஆவும்ல?”

நிஸ்ரின் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “புக்குல சரியாட்டு இருக்கும். வயிறு டெஸ்ட் டியூப் இல்லல்லா. உள்ள கேஸு கெளம்பும், சூடும் கூடும். வெந்து கெடக்குற எடம் பலூன் மாதிரி ஊதுனா தாங்குமா? கொன்னுபோடும் பிள்ளே.”

“அப்போ கிழிஞ்சிருமா?”

“கிழியலாம். கிழியாமலும் இருக்கலாம். அந்த ஆசிட்டு மட்டுமே போதும், வேற ஒண்ணும் வேண்டாம். யாரு பாத்தா?” ஆற்றிய கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “நீ எதுக்குக் கேக்க?”

“டெஸ்டுக்கு.”

“ஓ. நல்லா எழுது.”

மறுநாள் பெரிய டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அஸ்வதி கதவோரம் நின்றாள்.

“எவ்வளவு குடிச்சாங்க?”

“ஒரு மடக்கு சார்.”

“ஒரு மடக்குக்கு வயிறு கிழியாதுன்னு நான் சொல்லல. ஆனா இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பெருசா...” அவர் பேனாவை மூடினார். “வீட்டில ஏதும் பிரச்சனை உண்டா?”

அப்பாவுக்குக் கேள்வி புரியவே கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் முகம் செத்துப்போனது. “இல்ல சார். அவ தண்ணின்னு நெனச்சு குடிச்சா. குப்பிய வச்சது நான்தான்.”

கேட்க வேண்டியது டாக்டரின் கடமை, கேட்டார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து அதையே கேட்டு எழுதிப்போனார். அம்மாவின் அண்ணன் பொன்னுலிங்கம் மாமா அஞ்சுகிராமத்திலிருந்து வந்தவர், வராந்தாவில் நின்று முழுசையும் கேட்டார். அதிலிருந்து அவர் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது ஒன்றேதான் பேசினார்.

“இருவது வருசமா ஆசிட்டுல கெடக்குறவளுக்கு ஆசிட்டு எதுன்னு தெரியாதாக்கும்?”

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஐப்பசி முடிந்திருந்தது. குழாய் வழியே மூன்று மணிக்கொருமுறை கஞ்சித்தண்ணீர், அரைத்த பருப்பு, அடித்த முட்டை. எல்லாவற்றையும் துணியில் வடிகட்டிப் பெரிய சிரிஞ்சில் எடுத்து மெல்ல ஏற்ற வேண்டும். அஸ்வதிதான் ஏற்றினாள். வேறு யாரையும் விடவில்லை.

அம்மாவின் குரல் போயிருந்தது. காய்ந்த ஓலையை இழுத்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் இரண்டு சொல்லுக்கு மேல் தாங்காது. எதற்கும் கையைத்தான் காட்டுவாள். அப்பா அவள் எதிரில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவார்; மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றபடியே தின்பார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. அம்மா ஒரு கரண்டி கட்டன் சாயா விழுங்கினாள். மறுநாள் மூன்று கரண்டி. அதற்கடுத்த நாள் அரை டம்ளர் இளநீர் ஒரு தடையும் இல்லாமல் இறங்கியது. அப்பா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அஸ்வதி புத்தகத்தை எடுத்து அவரிடம் காட்டினாள்.

“நான் சொன்னேம்லாப்பா? தன்னால ஆறும். ஒடம்புக்குள்ளயே அதுக்குள்ள வேல உண்டு. பழசு போயி புதுசு வந்துரும்.”

“புக்குல அப்பிடியா போட்டிருக்கு?”

“போட்டிருக்கு.”

அவர் அந்தக் கோடு போட்ட வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரும்போது அரைக்கிலோ நெய்மீன் வாங்கி வந்தார். “கொழம்பு மட்டும் தெளிச்சு எடுத்துக் குடுக்கலாம்லா? ரெண்டு நாளு கழிஞ்சு” என்று சொல்லி மேல்தட்டில் வைத்தார். பிரிஜ்ஜில் அது இரண்டு வாரம் கிடந்தது.

ஏனென்றால் அடுத்த வாரம் சாயா பாதி திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் தண்ணீரும். பிறகு அம்மாவால் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு அதில் துப்பினாள். ரப்பர் பால் பிடிக்கிற அதே சிரட்டை. பகலில் நாலு முறை நிறைந்தது.

திருவனந்தபுரத்தில் உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

“புண்ணு நல்லாவே ஆறியிருக்கு” என்றார்.

அப்பா கைகூப்பினார்.

“அதுதான் கஷ்டம்” என்றார் டாக்டர்.

கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா அப்படியே நின்றார்.

டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்தார். மேலோடு வெந்திருந்தால் பழைய தோலே திரும்ப முளைக்கும், வெந்த சுவடு தெரியாது. ஆழமாக வெந்த இடத்தில் உடம்பு பழைய தோலை உண்டாக்காது. அதற்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. கிடைத்த நாரையெல்லாம் போட்டுப் பள்ளத்தைத் தூர்க்கும். தூர்த்தது நாளாக நாளாகச் சுருங்கும். கையில் சுருங்கினால் வெறும் வடு. இது குழாய், சுற்றிலும் வெந்திருக்கிறது. சுற்றிலும் சுருங்கினால் வழி எங்கே? வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டார், அதற்குள் இன்னொன்று. கடைசி வட்டம் பேனா முனை அளவு இருந்தது.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தடியில கொண்டுட்டு, இல்லியா சார்?”

டாக்டர் நிமிர்ந்தார். “ரப்பரா?”

“ரப்பர்தான் சார்.”

ரப்பர் வெட்டுகிறவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். கத்தி பட்டையோடு நின்றால் சில வருஷத்தில் புதுப்பட்டை மூடும், அதிலும் பால் எடுக்கலாம். கை தவறித் தடியில், உள்மரத்தில், இறங்கிவிட்டால் மரம் சும்மா இருக்காது. அந்த இடத்தையும் ஆற்றும். ஆனால் முண்டு முண்டாக ஆற்றும். அதில் பிறகு கத்தி ஓடாது, பாலும் வராது. மரத்தைக் குறை சொல்ல முடியுமா? அதுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அதேதான்” என்றார் டாக்டர், மெதுவாக.

பலூன் விட்டு விரிக்கலாம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. விரித்தார்கள். விரிக்கும்போது உள்ளே கீறும், கீறிய இடம் ஆறும், ஆறும்போது மறுபடியும் சுருங்கும். முதல் தடவை ஒன்பது நாள் தண்ணீர் இறங்கியது. இரண்டாவது தடவை ஆறு நாள். மூன்றாவது தடவை நாலு. அது முடிந்து மறுபடியும் டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஜீப்பில் ஆன்ட்ரூஸ்தான், “நாலு நாளும் நாலு நாளுதான கிருஷ்ணமணி” என்றார். வேண்டுமானால் குடலை எடுத்துப் புதுக்குழாயாக வைத்துத் தைக்கலாம், ஆனால் இந்த உடம்பு இப்போது அதைத் தாங்காது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் எடை முப்பத்தாறு கிலோ.

அஸ்வதி புத்தகத்தில் போட்ட கோடுகளை ரப்பர் கொண்டு அழித்தாள். அழியாமல் கறுப்பாகத் தேய்ந்து நின்றன. தூக்கம் என்பது அவளுக்குப் போய்விட்டது. கிழித்தது எது? ஆசிட்டா, சோடாவா? ஆசிட் என்றால் அப்பா மறந்த குப்பி. சோடா என்றால் அவள். பாதிப் பாதியா? அம்மா குடித்த ஒரு மடக்கு அம்மாவின் தொண்டையைத்தான் கெடுத்தது, வயிறு தப்பியிருக்கும் என்றால்? வயிறு முழுசாக இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் புதுக்குழாய் ஆபரேஷனைத் தாங்குகிற உடம்பு இருந்திருக்குமே. யாரிடம் கேட்பது? யாரிடம் கேட்டாலும், நீ எதுக்குக் கேக்க என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கம் மாமா காருடன் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அது கை மாதிரியே இல்லை. வெளியே வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எந்தங்கச்சிய கொண்டு போறேன் மாப்ளே.”

“இப்போ பயணம் தாங்க மாட்டா மச்சான்.”

“இங்க கெடந்தா மட்டும் தாங்குவாளாக்கும்? அண்ணைக்கு என்ன நடந்துன்னு நீரு இன்னும் வாயத் தொறக்கல்ல. டாக்டரே நம்பல்ல. ஒரு மடக்குல வயிறு கிழியுமா? ஏதோ சொல்லி நோவடிச்சிருக்கீரு. அவ குடிச்சிருக்கா. இல்லன்னு உம்ம மோளு தலையில அடிச்சுச் சொல்லும் பாப்போம்.”

“நான்தான் குப்பிய வச்சேன்.”

“அத நூறு மட்டம் சொல்லியாச்சு! வச்சீரா, குடுத்தீரா?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடித்தால்கூடத் திருப்பி அடிக்க மாட்டார் என்கிற நிற்பு. அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டதோ என்று இருந்தது அவர் முகத்தைப் பார்க்க. முந்தைய நாள் ஏதாவது சொன்னோமா, எப்போதாவது சொன்னதை மனசில் வைத்துக் குடித்தாளா என்று இருபது வருஷத்தையும் கிளறிக்கொண்டு நிற்கிற மாதிரி.

“நாளைக்கு ஸ்டேஷன்ல போயி நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன். இருந்து பாரும்” என்றார் மாமா.

அறைக்குள் அஸ்வதி சிரிஞ்சில் கஞ்சித்தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெளியே பேசிய ஒவ்வொரு சொல்லும் ஜன்னல் வழியே வந்தது. குழாயின் ஓரத்தில் கொஞ்சம் சிந்தியது. துணியால் துடைத்தாள். போய்ச் சொல்ல வேண்டும். வாசலுக்கு எட்டடி. எட்டடி நடந்து, மாமா, அப்பா இல்ல, நான்தான் என்று சொன்னால் முடிந்தது. அப்பா நிமிர்ந்து நிற்பார். அதற்குப் பிறகு இந்தக் கட்டிலில் கிடப்பவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அம்மாவின் விரல் அவள் மணிக்கட்டைத் தொட்டது.

“மோளே.”

குனிந்து காதை வாயருகே கொண்டுபோனாள். ஓலை உரசுகிற குரல், ஒவ்வொரு சொல்லாக, நடுவில் சிரட்டையில் துப்பித் துப்பி வந்தது.

“அண்ணன... கூப்பிடு. நான் சொல்லுதேன். உங்கப்பா மேல... ஒரு குத்தமும் இல்ல. நான் தண்ணின்னுதான் குடிச்சேன். ஒரு மடக்குதான்.”

“சரிம்மா. பேசாத. நோவும்.”

“வயிறு ஏன் கிழிஞ்சுன்னு... எனக்கும் தெரியல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இன்னொண்ணும் சொல்லணும். நீ அண்ணைக்கு தந்தது... பாலு இல்ல.”

அஸ்வதியின் கையில் சிரிஞ்சு அப்படியே நின்றது.

“உப்பா இருந்து. எனக்குத் தெரியும். புக்குல படிச்ச மருந்து... ஏதோ கலக்கித் தந்த. எல்லாரும் ஏசுவாவன்னு பயந்து... பாலுன்னு சொல்லிட்ட. இல்லியா?”

தலை ஆடியதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாவின் முகத்தில், இத்தனை நாளில் முதல்முறையாக, ஏதோ ஒன்று மெல்ல விரிந்தது. வெந்து சுருங்கிய உதடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணில்தான் அது தெரிந்தது. கறிக்கு உப்புப் பார்க்க மகளை அழைத்து, சரியாக இருக்கிறது என்று மகள் சொல்லும்போது வருமே, அந்தப் பெருமை.

“அண்ணனுட்ட அதையும் சொல்லணும். எல்லாருட்டயும் சொல்லணும். இத்தன பேரும் ஓடி நடந்தப்போ... எம்மோளுக்குத்தான புத்தி வேல செஞ்சுது.” அவள் விரல்கள் மகளின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தன. பிடிக்கப் பலமில்லை, ஆனால் விடவில்லை. வெளியே மாமா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது, உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“நீ அத தரல்லன்னா நான் அண்ணைக்கே போயிருப்பேன், இல்லியா மக்கா?”